மேட்டுலயம் சொந்தங்கள் (இலங்கை மலையக தேயிலை தோட்டத்து லயம், அதாவது வரிசை வீட்டு குடும்ப குழு): பீலி தண்ணி

செல்வி: ஊத்து தண்ணி வர்ற பீலில நூல் மாதிரிதான் வருது. குடம் நெறைய அரை மணித்தியாலம். ஞாயித்துக்கெழம புள்ளைக்கு சடங்கு, 200 பேருக்கு சமைக்கனும், என்னா செய்றது?

குமார்: தண்ணி லொறி பவுசர் சொல்லுவோம்

பிரபா கொழும்பு: எவ்ளோ கேப்பான்

கோத்தகிரி சித்தப்பா: செல்வி, பவுசர் ஒரு நாளைக்குதான்மா, நெலத்தடி தண்ணி மட்டத்த நாமளே ஏத்தனும். தமிழ்நாட்டுல 2003ல எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்ப கட்டாயமாக்குனாங்க. ஒரு சதுர மீட்டர் கூரைல 1 மில்லிமீட்டர் பெஞ்சா 1 லிட்டர், அப்ப 50 சதுர மீட்டர் தகரத்துல 100 மில்லிமீட்டர் பெஞ்சா 5,000 லிட்டர், அம்புட்டையும் கான்ல ஓட விடுறீங்க. அத கொழாய்ல குழிக்கு திருப்பி, அடில கருங்கல்லு, மேல ஜல்லி, அதுக்கு மேல மணல் போட்டு, மொத மழ அழுக்க மட்டும் வெளிய விட்டுட்டு மிச்சத்த எறக்குங்க. கக்கூஸ் குழி பக்கம் மட்டும் வெட்டிராதீங்க

தர்ஷி: மழையே இல்லயே சித்தப்பா

பெரியம்மா: நீ கப்பலேறி போயிட்ட. தண்ணி தூக்குறது நாங்க

கோத்தகிரி சித்தப்பா: நானா போனேன் மதினி? 1964ல சிறிமாவும் சாஸ்திரியும் நம்ம ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்ப கையெழுத்து போட்டாங்க, அப்பா கூட்டிட்டு போனாரு

பெரியம்மா: என் தையல் மிசினையுந்தான்

குமார்: 😂😂

ரவி: சித்தப்பா சொல்றது சமதரைக்கு சரி. நம்ம லயத்துக்கு மேல குழி வெட்டி தண்ணிய எறக்குனா சரிவு கனம் தாங்காம வழுக்கும். 2014 மீரியபெத்த மண்சரிவு மறந்து போச்சா? 24 மணித்தியாலத்துல 150 மில்லிமீட்டர் பெஞ்சா எழும்பி போங்கனு மண்சரிவு எச்சரிக்க குடுக்குற கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சும்மாவா சொல்லுது. தகரத்து தண்ணிய டேங்க்ல புடிங்க, அது போதும்

பெரியப்பா: துரைமாரு காலத்துல தேயிலைக்குள்ள கான் வெட்டுறப்ப எடைக்கெட குழி விடுவோம். மண்ணும் தங்கும், தண்ணியும் மெல்ல எறங்கும். இப்ப எல்லாம் மூடி கெடக்கு, யாரு அள்ளுறா

ரவி: அது சின்ன குழி பெரியப்பா, நெறஞ்சா கான்லயே வழிஞ்சி போயிரும். அத வேணும்னா தூர் எடுக்கலாம்

செல்வி: குழி கத பொறகு. குமார் அண்ணன் லீக்ஸ் தோட்டத்து மோட்டர நிப்பாட்டுனா பீலி தானா வரும்

குமார்: எல்லாத்துக்கும் நாந்தான். ஊத்துக்கு மேல நிக்கிற டர்பன்டைன் மரம் உறிஞ்சுறத யாரும் கதைக்க மாட்டீங்க

தர்ஷி: அத நட்டது யாரோட அப்பா

குமார்: இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

மாலா மாமி: சடங்குக்கு என்னா கலர் சாரி

செல்வி: பச்ச மாமி

பிரபா கொழும்பு: பவுசருக்கு பாதி நான் போடுறேன். மிச்சம் யாரு?

பிரபா கொழும்பு: ??

குமார்: சனி ஞாயிறு மோட்டர் போடல. வெள்ளி சொல்ல ஏலாது

பெரியப்பா: கான் அள்ள நான் வாரேன், மம்பட்டி புடிக்க ரெண்டு பொடியன் வேணும்

ரவி: சம்பளம் போட்ட பொறகு பாப்போம் பெரியப்பா

கோத்தகிரி சித்தப்பா: குழிய படம் வரஞ்சி அனுப்புறேன்

மாலா மாமி: பச்சனா கிளிப்பச்சயா?