புதுப்பிப்பு: பென்னலாங் தொகுதி

சிட்னியின் பென்னலாங் புறநகர்த் தொகுதியில் 2025 ஆஸ்திரேலிய நாடாளுமன்றத் தேர்தல் இழுபறியாக இருக்குமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். முடிவு வந்துவிட்டது. லேபர் கட்சியின் ஜெரோம் லக்சால் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

எல்லை மறுவரையறையில் லேன் கோவ், ஹண்டர்ஸ் ஹில் பகுதிகள் சேர்ந்ததால், முந்தைய தேர்தல் வாக்குகளைப் புதிய எல்லைக்குப் பொருத்திப் பார்த்த கணக்குப்படி, எதிரணியான லிபரல் கட்சியின் கை மயிரிழையில் ஓங்கியிருந்தது. அது நிற்கவில்லை. ஈஸ்ட்வுட் பக்கம் சீன, கொரிய வம்சாவளி வாக்காளர்கள் ஏராளம். அவர்கள் மனதை லிபரல்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். பிரதமராக இருந்த லிபரல் தலைவர் ஜான் ஹோவர்டே 2007ல் தோற்ற இடம் இது. அப்புறம், 2010ல் லிபரலிடம் திரும்பியதையும் மறக்கக் கூடாது. லேபர் இதைக் கோட்டை என்று நம்பிவிட வேண்டாம்.