ஆய்வறிக்கையில் கட்டுப்படும் கிருமி, மடியில் கட்டுப்படாதது ஏன்?

கேள்வி (பால் பண்ணையாளர்):
எங்கள் கலப்பினப் பசுவுக்கு இரண்டாம் ஈற்றுக்குப் பிறகு ஒரு காம்பில் மடிநோய் கண்டது. மருத்துவர் சொன்னபடி காம்பினுள் மருந்து செலுத்தினோம். வீக்கம் வடிந்து பாலும் தெளிந்தது. சில வாரங்களில் அதே காம்பில் மீண்டும் திரிதிரியாகப் பால் வருகிறது. பால் மாதிரியில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி இருப்பதாகவும், நாங்கள் செலுத்திய அதே மருந்துக்கு அது கட்டுப்படும் என்றும் ஆய்வறிக்கை கூறுகிறது. கிருமிகள் தம்மைச் சுற்றி உருவாக்கிக்கொள்ளும் பயோஃபிலிம் என்னும் படலம்தான் காரணம் என்கிறார்கள். அது எப்படிக் கிருமியைக் காப்பாற்றுகிறது?

பதில் (கால்நடை மருத்துவர்):
அறிக்கையில் பிழை இருக்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் மருந்து சோதிக்கப்படுவது, சத்து நிறைந்த ஊடகத்தில் வேகமாகப் பெருகும் கிருமிகளின் மீது. மடியிலோ இவை பால் நாளங்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் சர்க்கரைச் சேர்மங்களும் புரதங்களும், சிதைந்த கிருமிகளிலிருந்து வெளிவந்த டிஎன்ஏவும் கலந்த கொழகொழப்பான படலத்துக்குள் கூட்டமாக வாழக்கூடியவை. ஒட்டுவதற்கு உதவும் பேப் என்னும் புரதத்தை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2001இல் விவரித்ததே, மடிநோய் கண்ட பசுவிடமிருந்து பிரித்தெடுத்த ஸ்டெஃபைலோகாக்கஸில்தான்.

படலம் மருந்தை உள்ளேயே விடாது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பல மருந்துகள் உள்ளே புகுந்துவிடும். படலத்தின் ஆழத்தில் சத்தும் ஆக்சிஜனும் குறைவதால் கிருமிகள் பெருகாமல் முடங்கிக் கிடக்கின்றன. பெனிசிலின் வகை மருந்துகளோ கிருமி வளர்ந்து செல் சுவரைக் கட்டும்போதுதான் அதைக் கொல்லும். இதனால் படலத்திலுள்ள கிருமிகளை ஒழிக்க, மிதக்கும் கிருமிகளுக்குத் தேவைப்படும் அளவைப்போல் 10 முதல் 1000 மடங்கு வரை மருந்து வேண்டியிருக்கும். மடியில் அந்த அளவை எட்டுவது பெரும்பாலும் இயலாது. வெள்ளணுக்களாலும் படலத்தை எளிதில் விழுங்க முடியாது. மருந்தை நிறுத்தியதும் எஞ்சியவை பெருகிப் பாலில் இறங்குகின்றன.

பதில் (ஆய்வகப் பணியாளர்):
பழியை முழுவதும் பயோஃபிலிம் மேல் போட வேண்டாம். இக்கிருமி மடித் திசுவின் செல்களுக்குள்ளும் நுழைந்து ஒளிந்துகொள்ளும். நாட்பட்டால் சிறு சீழ்க்கட்டிகளும் தழும்புத் திசுவும் உருவாகி மருந்து சென்றடைவதைத் தடுக்கும். பாலில் கிருமி விட்டுவிட்டு வெளிப்படுவதால், ஒரு மாதிரியில் கிருமி தென்படாததை வைத்துக் குணமாகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசினால் பயன் உண்டா?

பதில் (கால்நடை மருத்துவர்):
வீக்கம் தணிய உதவலாம். மேலே பூசுவது நாளத்தினுள் இருக்கும் படலத்தைக் கரைக்கும் என்று நம்பி மற்றச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். கறவை வற்றும் காலத்தில் நீண்ட நாள் தங்கும் மருந்தைச் செலுத்துவதே கூடுதல் பலன் தரும், ஏனெனில் அப்போது கறவையோடு மருந்து வெளியேறுவதில்லை. அதுவரை இப்பசுவைக் கடைசியாகக் கறந்து, கறந்தவுடன் காம்புகளை அயோடின் கரைசலில் நனையுங்கள். அதன் பாலைக் கன்றுகளுக்கு ஊட்ட வேண்டாம். அடுத்த ஈற்றிலும் அதே காம்பில் நோய் கண்டால், மேலும் மருந்து வாங்குவதைவிட அந்த ஒரு காம்பை மட்டும் வற்றச் செய்வதே மேல்.