சுசொக் விடுமுறையில் ஜொன்ஜு போகலாமா?

வணக்கம். 2026 செப்டம்பர் கடைசியில் அம்மாவுடன் தென்கொரியா போகிறேன். டிக்கெட் போட்ட பிறகுதான் கவனித்தேன், 25ஆம் தேதி சுசொக், அவர்களுடைய அறுவடைத் திருநாள். நம் பொங்கல் போல எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்பும் நேரம். ரயிலில் இடம் கிடைப்பதே பாடு.

அம்மாவுக்கு ஆசை ஒன்றுதான்: ஜொன்ஜு நகரில் ஹான்ஜி என்னும் கொரியப் பாரம்பரியக் காகிதம் செய்ய வேண்டும். டாக் மரப்பட்டையை வேகவைத்து, அடித்துக் கூழாக்கி, மூங்கில் தட்டியில் அள்ளி எடுப்பார்களே, அதுதான். நாமே செய்து பார்க்க விடும் பட்டறை ஏதாவது விடுமுறையில் திறந்திருக்குமா?

அப்புறம் குப்பை. அங்கே 1995 முதல் காசு கொடுத்து வாங்கும் பையில்தான் போட வேண்டும், சாப்பாட்டு மிச்சம் தனி. ஹானோக் என்னும் பழைய பாணி கொரிய வீட்டில் தங்கினால் அந்தப் பையை நாமே வாங்கணுமா? தங்கியவர்கள் சொல்லுங்கள்.

பைன் இலைமேல் அவிக்கும் சொங்பியொன் கொழுக்கட்டை எங்கே நல்லது என்றும் சொன்னால் அம்மா சந்தோஷப்படுவார்.