எதிர்மனுதாரர் இல்லாத வழக்கு

எங்கள் விவாகரத்து மனுவில் எதிர்மனுதாரர் என்று யாரும் கிடையாது. கணவர் முதல் மனுதாரர், நான் இரண்டாம் மனுதாரர். ஏழு ஆண்டு மணவாழ்க்கையில் நாங்கள் ஒரே பக்கம் நின்றது அந்தக் காகிதத்தில்தான்.

இந்து திருமணச் சட்டம் 1955-இல் வந்தபோது பரஸ்பர சம்மத விவாகரத்து அதில் இல்லை. 13பி என்ற பிரிவை 1976 திருத்தத்தில்தான் சேர்த்தார்கள். மனுப் போடுவதற்கு முன் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பின் ஆறு மாதம் காத்திருந்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து "சம்மதம்" என்று சொல்ல வேண்டும். வழக்கறிஞர் இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "எந்தத் தேதியிலிருந்து பிரிந்து வாழ்கிறீர்கள்?" என்று அவர் கேட்டபோதுதான் திணறினோம். நான் பெட்டியோடு கிளம்பிய நாளைச் சொன்னேன். கணவர் அதற்கு எட்டு மாதம் முந்தைய ஒரு நாளைச் சொன்னார். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் சட்டப்படி அதுவும் பிரிவுதான் என்று வழக்கறிஞர் விளக்கினார். கடைசியில் கணவர் சொன்ன தேதியைத்தான் எழுதினோம். உண்மையும் அதுதான், நான் ஒப்புக்கொள்ளத்தான் நாளாயிற்று.

திருமணப் பத்திரிகையோடு திருமணப் புகைப்படமும் கேட்டார்கள். நான் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டிருந்தேன். அம்மா பீரோவில் ஒன்றை ஒளித்து வைத்திருந்தது அன்றுதான் தெரிந்தது.

ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். அமர்தீப் சிங் – ஹர்வீன் கவுர் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. முதல் மனுவுக்கு முன்பே பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் பேசி முடிந்திருக்க வேண்டும். கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் கேட்டோம், கிடைக்கவில்லை.

இதற்கு இன்னொருவர் எழுதிய பதில்:

சகோதரி, உங்கள் கணவர் இரண்டாம் முறையும் சம்மதம் சொல்ல வந்தார். என் மனைவி வரவில்லை.

ஜீவனாம்சமாகப் பேசிய தொகை முழுவதையும் முதல் நாளே கொடுத்துவிட்டேன். நல்லெண்ணம் என்று நினைத்தேன், அசட்டுத்தனம். தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், உச்ச நீதிமன்றமே 1991-இல் சொன்னதுதான். பாதித் தொகையை இறுதி நாளன்று நீதிபதி முன்னால் டிமாண்ட் டிராஃப்டாகக் கொடுக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு கொடுமை என்ற காரணத்தில் தனி வழக்குப் போட்டேன். வழக்கு முடியும்வரை மாதாமாதம் இடைக்கால ஜீவனாம்சம் வேண்டும் என்று மனைவி கேட்டார். வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் இருதரப்பும் உறுதிமொழிப் பத்திரமாகத் தர வேண்டும் என்பது 2020-இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்குக்குப் பின் வந்த நடைமுறை. என் காப்பீட்டுப் பாலிசி முதல் பழைய பைக் வரை எழுதிக் கொடுத்தேன். அதன்பின் வாய்தா, வாய்தா, வாய்தா. அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்திருக்கும், அதை இன்றுதான் சொல்ல முடிகிறது.

மற்றொருவர்:

என் தங்கைக்கு இந்த அலைச்சலே வேண்டாம் என்று பெரியவர்கள் கூடி முத்திரைத்தாளில் "விடுதலைப் பத்திரம்" எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நோட்டரி முத்திரையும் குத்தியாயிற்று. மூன்று வருடம் கழித்து அவளுக்கு வேறு வரன் பார்த்தபோது ஒரு வழக்கறிஞர் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இவர் இன்னும் திருமணமானவர்" என்றார். சமூக வழக்கப்படியான விவாகரத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு ஏற்கிறது, ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருப்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். எங்களிடம் இருந்தது மாமாவின் குரல் மட்டும். பிறகு குடும்ப நல நீதிமன்றத்தில் முதலிலிருந்து தொடங்கினோம். மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்பது ஒன்றே ஆறுதல்.

முதலில் எழுதியவர்:

ஒன்றை விட்டுவிட்டேன். தீர்ப்பின் சான்றிட்ட நகல் கைக்கு வந்ததும் இன்ஷியல், தேதி எல்லாம் சரியா என்று அங்கேயே பாருங்கள். என் நகலில் திருமணத் தேதி 12 என்பது 21 ஆகியிருந்தது. திருத்த மனு, இன்னும் இரண்டு வாய்தா. நான் மறக்க முயன்றுகொண்டிருந்த அந்தத் தேதியை, பெஞ்ச் கிளார்க்குக்குக் காதில் விழவில்லை என்று மூன்று முறை உரக்கச் சொன்னேன்.