ஜெல்டாவில் குதிரை சொன்ன பக்கம் போகவில்லை: ஸ்டிக் பழுதா, குதிரையே அப்படியா?

வில்லாபுரத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகன் லீவுக்கு மதுரை வந்திருக்கிறான், ஏழாம் வகுப்பு. கையோடு அவன் அப்பா சிங்கப்பூரில் வாங்கிக் கொடுத்த நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷினும் வந்திருக்கிறது. அதில் 'தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்' ஓடுகிறது. பையன் தூங்கிய பிறகு நானும் ஆடுகிறேன், அதை மறைக்க வேண்டியதில்லை.

பிரச்சினை குதிரையில். காட்டில் ஒரு குதிரையைப் பிடித்து, ஸ்டேபிளில் (ஆட்டத்தில் வரும் குதிரை லாயம்) 20 ரூபீ, அதாவது ஆட்டத்துக் காசு, கட்டிப் பதிவு செய்து, கருப்பன் என்று பெயரும் வைத்துவிட்டான். ஆனால் புல்வெளியில் ஸ்டிக்கை நேராகத் தள்ளினால் கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடிவிட்டு அப்புறம் இடது பக்கம் இழுக்கிறது. சில சமயம் வலது பக்கம். திருப்பினால் முரண்டு பிடிக்கிறது. விசில் அடித்தால் பாதி நேரம் வருவதே இல்லை. போகோப்ளின் என்ற அரக்கர் கூட்டம் ஒன்று துரத்தும்போது நேராகப் போய் ஒரு பாறைக்கு முன்னால் நின்றுகொண்டது. ஆட்டத்து நாயகன் லிங்க் வாளை உருவுவதற்குள் முதுகில் அடி, ஆட்டம் முடிந்தது. பையன் கன்ட்ரோலரை மெத்தை மேல் வீசிவிட்டு, "மாமா, இது ஓட்டைக் குதிரை" என்றான்.

டவுனில் ஒரு ரிப்பேர் கடையில் காட்டினேன். ஆன் செய்துகூடப் பார்க்காமல், "அனலாக் போச்சு சார், ரெண்டையும் மாத்திரலாம்" என்றார். சொன்ன தொகையைக் கேட்டதும் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டேன். ஸ்டிக் மாற்றித்தான் ஆக வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கன்ட்ரோலர் வைத்தியர்:
ஜாய்-கான் (ஸ்விட்சோடு வரும் கன்ட்ரோலர்) டிரிஃப்ட், அதாவது ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுப்பது, உலகம் அறிந்த வியாதி. ஸ்டிக்குக்கு அடியில் கார்பன் பூசிய தடம் ஒன்று இருக்கும், அதன்மேல் ஒரு சின்ன உலோக முனை உரசிக்கொண்டே போகும். தடம் தேய்ந்தாலோ தூசி போனாலோ, கை வைக்காமலே ஸ்டிக் சாய்ந்திருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். நம்ம ஊர் சித்திரை மாதத் தூசிக்குக் கேட்கவே வேண்டாம். மாற்றுவது என்று முடிவெடுத்தால் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் போடுங்கள். அது காந்தத்தில் வேலை செய்வது, உரசல் கிடையாது.

மாடக்குளத்து லிங்க்:
வைத்தியர் அண்ணே, நோயாளியைப் பார்க்காமலே ஆபரேஷனா? அவர் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். "இடது பக்கம், சில சமயம் வலது பக்கம்" என்கிறார். டிரிஃப்ட் வந்த ஸ்டிக் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் இழுக்கும். அதுவும் குதிரை மேல் இருக்கும்போது மட்டும் ஏன் இழுக்க வேண்டும்?

வில்லாபுரத்தாரே, காசு செலவில்லாமல் இரண்டு சோதனை செய்யுங்கள். ஸ்விட்ச் செட்டிங்ஸில் 'கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ்' உள்ளே போனால் 'காலிபரேட் கன்ட்ரோல் ஸ்டிக்ஸ்' இருக்கும். இடது ஸ்டிக்கை ஒரு அமுக்கு அமுக்கினால் வட்டம் போட்ட திரை வரும். கையை எடுத்துவிடுங்கள். குறி நடுவிலேயே நிற்கிறதா, ஓரமாக நகர்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஆட்டத்துக்குள் போய், குதிரையை விட்டு இறங்கி, சமதளத்தில் லிங்க்கைச் சும்மா நிறுத்துங்கள். தானாக நடக்கிறானா?

அப்புறம் ஒரு கேள்வி. குதிரை என்ன நிறம்?

வில்லாபுரத்தான்:
இரண்டையும் பார்த்தாயிற்று. குறி நடுவை விட்டு அசையவில்லை. லிங்க்கும் அய்யனார் மாதிரி நின்ற இடத்திலேயே நிற்கிறான்.

குதிரை முழுக்கக் கறுப்பு, ஒரு புள்ளிகூடக் கிடையாது. நிறத்துக்கும் ஸ்டிக்குக்கும் என்ன சம்பந்தம்?

மாடக்குளத்து லிங்க்:
ஸ்டிக்குக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, குதிரைக்கு உண்டு. இந்த ஆட்டத்தில் திட்டுத்திட்டாகப் புள்ளி விழுந்த குதிரைகள் சாது. சீக்கிரம் பழகும், ஆனால் வேகமும் தெம்பும் சுமார்தான். ஒரே நிறத்துக் குதிரைகள் பெரும்பாலும் முரடு. பதிலுக்கு நல்லா ஓடும். ஸ்டேபிளில் குதிரையின் விவரத்தைப் பார்த்தால் வலிமை, வேகம், ஸ்டாமினாவோடு சுபாவம் என்ன என்பதும் இருக்கும். அங்கேயே குதிரைக்கும் நமக்கும் உள்ள பந்தம் எவ்வளவு என்றும் காட்டும். பிடித்த புதிதில் அது ரொம்பக் குறைவாக இருக்கும். 100 ஆக்க வேண்டியது நம் பொறுப்பு.

பந்தம் குறைவாக இருக்கும் வரை குதிரை வேண்டுமென்றே பாதை மாறும். நீங்கள் சொல்கிற இழுப்பு அதுதான். பழுது எதுவும் இல்லை, ஆட்டத்தைச் செய்தவர்கள் திட்டமிட்டு வைத்தது. எனவே அந்தக் கடைப் பக்கம் போக வேண்டாம்.

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மண்பாதையில் ஏறிவிட்டால் ஸ்டிக்கைத் தொடாமலே குதிரை பாதையின் வளைவைப் பிடித்துக்கொண்டு போகும். அதைப் பார்த்தும் டிரிஃப்ட் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது வசதிக்காக வைத்தது. கையை எடுத்துவிட்டு வில்லில் அம்பு பூட்டலாம், சுற்றிலும் வேடிக்கை பார்த்துக்கொண்டு போகலாம்.

சரி, பந்தம் கூட்ட என்ன வழி? எல் பட்டனை அழுத்தினால் லிங்க் கழுத்தில் தட்டிக்கொடுப்பான். ஆனால் எந்த நேரத்தில் தட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. குதிரை விலகும், நீங்கள் ஸ்டிக்கால் திருப்புவீர்கள், அது மல்லுக்கட்டும், கடைசியில் உங்கள் வழிக்கு வரும். வந்த அந்த நொடியில் எல். ஏ பட்டனை அழுத்தி முடுக்கி, அது சொன்னபடி பாய்ந்ததும் மறுபடி எல். அடம் பிடித்துக்கொண்டிருக்கும்போது தட்டிப் பிரயோஜனம் இல்லை. மருமகன் எப்படித் தட்டுகிறான் என்று கொஞ்சம் கவனியுங்கள்.

வில்லாபுரத்தான்:
பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஏறி உட்கார்ந்ததில் இருந்து எல்-ஐ விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கிறான். முதன்முதலில் பிடிக்கும்போது அது துள்ளி அடங்கும் வரை எல்-ஐத் திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்லியிருந்ததாம், அதே பழக்கம். முடுக்கும்போது மட்டும் தட்ட மறந்துவிடுகிறான்.

ஜட்கா வண்டிப் பேரன்:
இந்த வீடியோ கேம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. குதிரை என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். எங்கள் தாத்தா மதுரை ஜங்ஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். கோயில், சிம்மக்கல், கோரிப்பாளையம் என்று சவாரி போவார். புதுக் குதிரையை வண்டியில் பூட்டிப் பழக்கும்போது நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

மேலே ஒருவர் எழுதியிருப்பதைத்தான் அவரும் செய்வார். இடது பக்கம் திரும்ப வாரை லேசாக இழுப்பார். குதிரை காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு தலையை எதிர்ப்பக்கம் உதறும். அவர் வாரை வெடுக்கென்று சுண்டவும் மாட்டார், விடவும் மாட்டார், அப்படியே பிடித்திருப்பார். என்றைக்கு அது ஓர் அடி இடது பக்கம் எடுத்து வைக்கிறதோ, உடனே வார் தளரும், எட்டிக் கழுத்தில் இரண்டு தட்டு, "அப்படித்தாண்டா ராசா". முரண்டு பண்ணும்போது ஒரு நாளும் தட்டமாட்டார். கேட்டால், "அப்பத் தட்டுனா முரண்டுக்குத்தான் சம்பளம்னு நினைச்சுக்கிரும்" என்பார். பல நாள் கழித்துக்கூட அந்தத் தப்பைத் திருத்த முடியாது என்று சொல்வார்.

ஒரு விளையாட்டில் இதையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. தீனி உண்டா அதில்?

மாடக்குளத்து லிங்க்:
உண்டு ஐயா. பையிலிருந்து ஆப்பிளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு குதிரையின் வாய்ப் பக்கம் போய் நின்றால் தானே குனிந்து வாங்கிக்கொள்ளும். அதற்கும் பந்தம் ஏறும். முதுகில் உட்கார்ந்துகொண்டு கொடுக்க முடியாது, இறங்க வேண்டும்.

தெப்பக்குளம் டெக்கி:
விசில் விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டார்கள். திசை பட்டனில் கீழ்ப்பக்கம் அழுத்தினால் விசில். குதிரைக்குக் காது கேட்கிற தூரம் வரைதான் அது வேலை செய்யும். வரைபடத்தில் ஒரு கோபுரத்தைத் தொட்டு அங்கே தாவிவிட்டு விசில் அடித்தால் எப்படி வரும்? அது பழைய இடத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். செங்குத்தான பாறைக்கு மேலே நின்று கூப்பிட்டாலும் ஏறி வர அதற்கு வழி வேண்டாமா?

பதறாமல் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு ஸ்டேபிளுக்குப் போங்கள். பதிவு செய்த குதிரையை எங்கே விட்டிருந்தாலும் அங்கே வாங்கிக்கொள்ளலாம். எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்கக் கூடாது. மொத்தம் 5 குதிரை வரை பதியலாம்.

எங்கிருந்து கூப்பிட்டாலும் வர வேண்டும் என்றால் அதற்கு ஒரு பழங்காலச் சேணம் இருக்கிறது. 2017 டிசம்பரில் காசுக்கு விட்ட இரண்டாவது கூடுதல் தொகுப்பில் வரும். குதிரைக்காக மட்டும் அதை வாங்கு என்று நான் சொல்லமாட்டேன்.

குதிரை செத்துப்போனால் அழ வேண்டாம் என்றும் மருமகனிடம் சொல்லுங்கள். ஹைலேண்ட் ஸ்டேபிளுக்குத் தெற்கே மலான்யா என்று ஒரு குதிரைத் தெய்வம் இருக்கிறது. 1000 ரூபீ காணிக்கை கேட்கும். கொடுத்தால் செத்த குதிரையை எழுப்பித் தரும். பார்க்கக் கொஞ்சம் பயங்கரமாக இருக்கும், ராத்திரியில் தனியாகப் போக வேண்டாம்.

வில்லாபுரத்தான்:
நல்ல சேதி. மருமகன் எல்-ஐ அமுக்கிக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டான். திரும்பினால் தட்டு, பாய்ந்தால் தட்டு, சாயங்காலம் ஆப்பிள். கருப்பனின் இழுப்பு கண்கூடாகக் குறைந்துவிட்டது. இன்று அதே போகோப்ளின் கூட்டத்துக்குள் நேராக ஓட்டிக்கொண்டு போய், குதிரை மேல் இருந்தபடியே வாளை வீசி இரண்டு பேரைச் சாய்த்துவிட்டு வெளியே வந்தான். தெருவுக்கே கேட்கும்படி ஒரு கத்தல்.

இப்போது அடுத்த பஞ்சாயத்து. அவன் பள்ளியில் ஒரு பையன், லிங்க்கின் சொந்தக் குதிரை எபோனா இடிந்த பண்ணை ஒன்றில் பௌர்ணமி இரவு வரும் என்று சொல்லியிருக்கிறானாம். எங்களை அங்கே காத்திருக்க வைக்கிறான். வருமா?

மாடக்குளத்து லிங்க்:
வராது, போய்ப் படுங்கள். ஆட்டம் நடக்கும் ஹைரூல் நாட்டின் சமவெளியில் இடிந்த பண்ணை இருப்பது உண்மை. 1998-இல் வந்த பழைய ஜெல்டா ஆட்டம் 'ஒக்கரினா ஆஃப் டைம்' ஆடியவர்களுக்கு அதைப் பார்த்ததும் லான் லான் பண்ணை ஞாபகம் வரும். எபோனாவைச் சின்னக் குட்டியாக லிங்க் முதலில் பார்ப்பது அங்கேதான். மாலோன் என்ற பெண் சொல்லிக்கொடுக்கும் பாட்டை ஒக்கரினாவில் ஊதினால் ஓடி வரும். ஏழு வருஷம் கழித்து லிங்க் பெரியவனாகித் திரும்பினால் பண்ணை இங்கோ என்பவன் கையில் இருக்கும். அவனைக் குதிரைப் பந்தயத்தில் இரண்டு முறை ஜெயித்தால் எபோனா நமக்கு. தோற்ற ஆத்திரத்தில் அவன் வாசலை அடைத்துவிடுவான். எபோனா நம்மைச் சுமந்துகொண்டு வேலியைத் தாண்டிக் குதிக்கும். அந்தத் தாவலுக்காகவே அந்த ஆட்டத்தைத் திரும்ப ஆடலாம்.

இந்த ஆட்டத்தில் எபோனா வேண்டுமென்றால் அமீபோ, அதாவது நின்டெண்டோ தனியாக விற்கும் சிப் வைத்த பொம்மை, வேண்டும். ஸ்மாஷ் பிரதர்ஸ் லிங்க் அல்லது ட்வைலைட் பிரின்சஸ் லிங்க். கன்ட்ரோலரில் வைத்தால் குதிரை வந்து இறங்கும். வலிமை, வேகம், ஸ்டாமினா எல்லாம் 4 நட்சத்திரம். முதல் நாளே பந்தம் முழுசு. வந்ததும் விடாமல் ஸ்டேபிளுக்கு ஓட்டிப்போய்ப் பதிந்துவிட வேண்டும். ஆனால் என் அபிப்பிராயம், கருப்பனைப் பழக்கிய பையனுக்கு எபோனா சப்பென்றுதான் இருக்கும்.

வில்லாபுரத்தான்:
சொன்னேன், பாதி மனதாக ஒத்துக்கொண்டான். ஆனால் போன சித்திரைத் திருவிழாவில் என் தோளில் உட்கார்ந்து அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தவன் அவன். தங்கக் குதிரை ஏதாவது இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறான். இதுதான் கடைசிக் கேள்வி.

தெப்பக்குளம் டெக்கி:
இதில் இல்லை. வெள்ளைக் குதிரை உண்டு. அவுட்ஸ்கர்ட் ஸ்டேபிளில் டோஃபா என்ற பெரியவரிடம் பேசினால் அரச குடும்பத்துக் குதிரையின் வாரிசு என்று கதை சொல்வார். சஃபுலா குன்றில் தேட வேண்டும். முரட்டுக் குதிரை, ஏறிய பிறகு கையில் ஸ்டாமினா நிறைய இருக்க வேண்டும்.

தங்கக் குதிரை 2023-இல் வந்த அடுத்த பாகம், 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' ஆட்டத்தில் இருக்கிறது. இளவரசி ஜெல்டாவின் குதிரை. பனிப் பிரதேசத்தில் ஸ்னோஃபீல்ட் ஸ்டேபிளில் விசாரித்தால் வழி கிடைக்கும். அந்தப் பாகத்தை அதே ஸ்விட்சில், அதே பயனர் கணக்கில் ஆடினால், இதில் பதிந்து வைத்த குதிரைகள் அங்கே ஸ்டேபிளில் தயாராக நிற்கும். அதனால் இந்த ஆட்டத்தின் சேவ் ஃபைலை மட்டும் இடமில்லை என்று அழித்துவிடாதீர்கள், கருப்பனும் போய்விடுவான்.