9 ஆம் போர்ட்டும் தூங்குற கணினியும்: அந்தக் குறிப்பு தப்பு

பழையகம்பி:
வீட்டுல தூங்குற கணினியை வெளியில இருந்து இணையம் வழியா எழுப்புறது பத்தி இரவுப்பறவை நேத்து ஒரு குறிப்பு போட்டிருந்தார். "ரவுட்டர்ல 9 ஆம் போர்ட்டைக் கணினியோட ஐபிக்குத் திருப்பிவிடுங்கள், போதும். 9 தவிர வேறு எண் ஆகாது" என்று எழுதியிருக்கார். போர்ட்ங்கிறது வர்ற தகவல் எந்தச் சேவைக்குன்னு சொல்ற எண். படிச்சதுல இருந்து மனசு ஆறலை. இதை நம்பி எத்தனை பேர் ராத்திரி பூரா ரவுட்டரை நோண்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க!

கணினி தூங்கும்போது நெட்வொர்க் கார்டு மட்டும்தான் அரைக்கண் முழிச்சிருக்கும். அது போர்ட் எண்ணைப் பார்க்காது. வர்ற ஃப்ரேமுக்குள்ள, அதாவது தகவல் துண்டுக்குள்ள, எஃப்எஃப்ங்கிற மதிப்புல 6 பைட்டு, அதை ஒட்டித் தன்னோட மேக் முகவரி (கார்டுக்கே உரிய அடையாள எண்) 16 தடவை, ஆக மொத்தம் 102 பைட்டு இருக்கான்னு தேடும். இதைத்தான் மேஜிக் பாக்கெட்ங்கிறது. இருந்தா மதர்போர்டைத் தட்டி எழுப்பும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். 9 ஆ இருந்தா என்ன, 40000 ஆ இருந்தா என்ன? கார்டு போர்ட்டைப் பார்க்காது.

இரவுப்பறவை:
பெயர் சொல்லி வம்புக்கு இழுத்திருக்கிறீர்கள், அதனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் 9 ஐத் திறந்தேன். வெளியிலிருந்து மேஜிக் பாக்கெட் அனுப்பினேன். கணினி எழுந்தது. 7 ஐத் திறந்தேன். எழவில்லை. என் கண்ணால் பார்த்ததை எழுதினேன். நீங்கள் சொல்வது ஏட்டுச் சுரைக்காய்.

மின்மினி:
ஒரு சந்தேகம். தூங்குறதுன்னு சொல்றீங்களே, அது ஸ்லீப்பா, முழு ஷட்டவுனா? ரெண்டு பேரும் எதைப் பத்திப் பேசுறீங்க?

பழையகம்பி:
ஏட்டுச் சுரைக்காயா? சரி, இந்த 9 எங்கிருந்து வந்துச்சுன்னாவது தெரியுமா உங்களுக்கு? 9 ங்கிறது டிஸ்கார்ட் போர்ட். வந்ததைக் கேள்வி கேட்காம தூக்கிப் போடுறதுக்குன்னு ஒதுக்கினது. 7 எக்கோ. ரெண்டுக்கும் 1983 லயே ஆர்எஃப்சின்னு இணைய விதி ஆவணம் வந்தாச்சு. மேஜிக் பாக்கெட்டை சிப் தயாரிக்கிற ஏஎம்டி வெளியிட்டது 1995 ல. அதுல பாக்கெட்டோட உள்ளடக்கத்தைப் பத்தித்தான் பேச்சு. யாரையும் தொந்தரவு பண்ணாத போர்ட்டா இருக்கட்டும்னு ஆளாளுக்கு 9 ஐ எடுத்துக்கிட்டாங்க, வழக்கமாப் போச்சு. வழக்கம் வேற, விதி வேற.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். 9 ஐச் சோதிச்சது கணினி தூங்கி எத்தனை நிமிஷத்துல? 7 ஐச் சோதிச்சது எப்போ?

இரவுப்பறவை:
9 ஐ, தூங்கவைத்த கையோடு. 7 ஐ, மறுநாள் காலையில். அதனால் என்ன? 9 வேலை செய்தது என்பது இதனால் பொய்யாகிவிடுமா?

பழையகம்பி:
அதனாலதான் எல்லாமே! ரவுட்டருக்கு ஐபி தெரிஞ்சா மட்டும் போதாது, அந்த ஐபிக்குரிய மேக் முகவரி எதுன்னும் தெரியணும். எந்த ஐபிக்கு எந்த மேக்னு குறிக்கிற ஏஆர்பி அட்டவணையில அதை எழுதி வச்சிருக்கும். கணினி தூங்கின புதுசுல அந்த வரி அப்படியே இருக்கும், நீங்க அனுப்பினது போய்ச் சேர்ந்துச்சு. விடியறதுக்குள்ள அந்த வரி காலாவதி ஆயிருக்கும். ரவுட்டர் "இந்த ஐபி யாருடையது?"ன்னு கூவும், தூங்குறவன் எப்படிப் பதில் சொல்லுவான்? பாக்கெட் அங்கயே செத்துச்சு. 9 ஐ மறுநாள் காலையில அனுப்பியிருந்தா 9 உம் செத்திருக்கும். உங்க கார்டு போர்ட்டைப் பார்க்கவே இல்லை.

வழி என்னன்னா ரவுட்டர்லயே ஐபியையும் மேக்கையும் நிரந்தரமாக் கட்டிப் போடணும். இல்லேன்னா 192.168.1.255 மாதிரி, வீட்டு நெட்வொர்க்ல எல்லாருக்கும் போற பிராட்காஸ்ட் முகவரிக்குத் திருப்பணும். நிறைய ரவுட்டர் இந்த ரெண்டாவதை ஏத்துக்காது.

சொல்லாய்வன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். திசைவி, துறை, பொதி என்று அழகான சொற்கள் இருக்கின்றன. வரிக்கு வரி ரவுட்டர், போர்ட், பாக்கெட் என்று எழுதினால் எப்படி? படிக்கவே வருத்தமாக இருக்கிறது.

பழையகம்பி:
ஐயா, ரவுட்டர் அமைப்புப் பக்கத்துல போர்ட்னுதான் போட்டிருக்கும். துறைன்னு எழுதினா படிக்கிறவர் எதைத் தேடுவார்? தமிழ் மேல எனக்கும் பற்று உண்டு.

சொல்லாய்வன்:
பற்று இருந்தால் எழுத்தில் தெரியும்.

சின்னப்பலகை:
போர்ட் எதுவா வேணா இருக்கட்டும், எனக்கு எதைத் திறந்தாலும் வராது. என் ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைக்கிற ஐபியே 100.64 ல தொடங்குது. சேவை தர்றவங்களே ஒரே பொது ஐபியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுக்குறாங்க, சிஜிநாட். வெளியில இருந்து கதவைத் தட்டவே முடியாது. அதனால ராஸ்பெர்ரி பைங்கிற சின்னக் கணினிப் பலகை ஒண்ணை எப்பவும் ஓடவிட்டிருக்கேன். அதுவே வெளியில இருக்குற ஒரு சர்வரோட விபிஎன்ங்கிற தனிச் சுரங்கவழித் தொடர்பை உள்ளிருந்து பிடிச்சு வச்சிருக்கும். அந்த வழியா பலகைக்குள்ள நுழைஞ்சு, அங்கிருந்தே மேஜிக் பாக்கெட்டை அனுப்புறேன். உள்ளூர் பிராட்காஸ்ட், ஏஆர்பி தகராறே இல்லை. ரெண்டு பேரும் இதைச் செஞ்சா சண்டையே வராது.

பழையகம்பி:
அதைத்தான் நானும் சொல்றேன். உங்க பலகை எந்தப் போர்ட்ல அனுப்புது? பார்த்தீங்களா? கார்டு கண்டுக்காது.

சின்னப்பலகை:
நான் அதைப் பத்திப் பேசவே இல்லைங்க. இணையத்துப் பக்கம் போர்ட்டைத் திறந்து வைக்கிறதே வேண்டாங்கிறேன். மேக் முகவரி தெரிஞ்ச யார் வேணா எழுப்பலாம். மேஜிக் பாக்கெட்டோட சேர்த்து அனுப்புற செக்யூர்ஆன் கடவுச்சொல்லும் மறைகுறி இல்லாம அப்படியேதான் போகும்.

இரவுப்பறவை:
பழையகம்பி, அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அதிகாரமாகப் பேசுகிறீர்கள். "தூங்குறவன் எப்படிப் பதில் சொல்லுவான்" என்றீர்களே, சொல்வான். கார்டு ஆதரித்தால் விண்டோஸ் 7 முதலே ஏஆர்பி ஆஃப்லோட் என்ற வசதி இருக்கிறது. கணினி ஸ்லீப்பில் இருக்கும்போது கார்டே ஏஆர்பி கேள்விக்குப் பதில் கொடுக்கும். என் கார்டின் அமைப்பில் அது இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது, சற்று முன் பார்த்தேன். உங்கள் விளக்கம் மொத்தமும் விழுந்தது.

பழையகம்பி:
விழலை. ஆஃப்லோட் எனக்கும் தெரியும், எல்லாக் கார்டுலயும் ஒழுங்கா வேலை செய்யாதுங்கிறதும் தெரியும். உங்க கார்டு ராத்திரி பூரா பதில் சொல்லிக்கிட்டே இருந்துச்சுன்னா 7 ஏன் காலையில எழுப்பலை? பதில் சொல்லுங்க.

இரவுப்பறவை:
9 தான் சரியான போர்ட் என்பதால்.

மின்மினி:
ஸ்லீப்புக்கு ஒரு கணக்கு, ஷட்டவுனுக்கு ஒரு கணக்குன்னு தோணுதே. ஷட்டவுன் ஆன கணினியில அந்த ஆஃப்லோட் இருக்காதுல்ல? நான் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை. என் கணினி விண்டோஸ்ல ஷட்டவுன் பண்ணினா எழவே மாட்டேங்குது. ஸ்லீப்ல விட்டா எழுது.

பழையகம்பி:
கொஞ்சம் பொறுங்க மின்மினி. இரவுப்பறவை, இது உங்களுக்குப் புதுசு இல்லை. பல வட்டைச் சேர்த்து ஓட்டுற ரெய்டு இருந்தா பேக்கப் வேண்டாம்னு எழுதினவர்தானே நீங்க? தப்புத் தப்புன்னு தலையால தண்ணி குடிச்சுச் சொன்னேன். அன்னிக்கும் "என் கண்ணால் பார்த்தேன்"னுதான் நின்னீங்க. அந்தக் குறிப்பை இன்னும் திருத்தலை.

இரவுப்பறவை:
பழைய பகையை இங்கே தீர்த்துக்கொள்ள வந்திருக்கிறீர்கள் என்பது இப்போது எல்லோருக்கும் புரிந்திருக்கும். என் வட்டுகள் இன்றுவரை நன்றாகத்தான் ஓடுகின்றன.

சின்னப்பலகை:
மின்மினி, விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஷட்டவுன்னு நீங்க நினைக்கிறது பாதி ஹைபர்னேட், அதாவது நினைவகத்துல இருக்குறதை வட்டுல எழுதி வச்சிட்டு அணையுறது. அந்த நிலையில விண்டோஸ் கார்டை எழுப்பும் நிலைக்குத் தயார் பண்ணாது. அதை அணைச்சிட்டு, பயாஸ்ல ஈஆர்பின்னு ஒண்ணு இருந்தா அதையும் அணைங்க, அது கார்டுக்குப் போற மின்சாரத்தையே நிறுத்திடும். கேபிள் வழியா எழுப்புற லேன் வேக்கப்பை இயக்குங்க. ஷட்டவுன் ஆன பிறகும் கேபிள் செருகின இடத்துல விளக்கு எரியுதான்னு பாருங்க. எரியலைன்னா எந்தப் பாக்கெட்டும் எழுப்பாது.

மின்மினி:
விளக்கு எரியலை! ஈஆர்பி தேடிப் பார்க்குறேன்.

சொல்லாய்வன்:
'விளக்கு', 'மின்சாரம்' என்று எழுத முடிகிறதல்லவா? துறை என்று எழுத மட்டும் ஏன் கை வரவில்லை?

பழையகம்பி:
இரவுப்பறவை, வாய்ப்பேச்சு வேண்டாம். இன்னிக்கே 7 ஐத் திறங்க. கணினியை ஸ்லீப்ல போட்டு ஒரே நிமிஷத்துல வெளியில இருந்து அனுப்புங்க. எழுந்துடும். அப்புறம் 9 ஐத் திறந்துட்டு காலையில அனுப்புங்க. என்ன ஆகுதுன்னு இங்கயே எழுதுங்க.

இரவுப்பறவை:
நீங்கள் சொன்ன நேரத்துக்கு என் கணினியைத் தூங்கவைக்கும் அவசியம் எனக்கில்லை. 9 வேலை செய்கிறது. குறிப்பு அப்படியே இருக்கும்.

பழையகம்பி:
சோதிச்சுப் பார்க்கவே பயப்படுறீங்க. கார்டு போர்ட்டைப் பார்க்காது.

இரவுப்பறவை:
பயமா? இந்தக் கணினியை நான் ஓட்டத் தொடங்கி எத்தனை வருடம் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.