சென்னை என்சிஎல்டியில் (கம்பெனி திவால் வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயம்) சிறு கடன்கொடுத்தோருக்காக ஆஜராகும் வக்கீல் தெரியுமா?

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் பனியன் தையல் ஜாப் ஒர்க் செய்கிறேன். ஒரு ஏற்றுமதி நிறுவனம் எனக்கு 38 லட்சம் தர வேண்டும். திவால் சட்டம் 2016-இல் வந்தபோது 1 லட்சம் பாக்கி இருந்தாலே மனு போடலாம். 2020 மார்ச்சில் அதை 1 கோடி ஆக்கிவிட்டார்கள். என்னைப் போன்றவர்கள் தனியாகப் போய் நிற்க வழியே இல்லை.

இப்போது அந்த நிறுவனத்தின் மேல் வங்கி போட்ட மனுவை என்சிஎல்டி ஏற்றுக்கொண்டது. உடனே மொரட்டோரியம், அதாவது நிறுவனத்தின் மேல் வழக்கு, வசூல் எல்லாவற்றுக்கும் தற்காலிகத் தடை. சிறுதொழில் கவுன்சிலில் பாக்கி கேட்டு நான் போட்டிருந்த வழக்கும் அப்படியே நிற்கிறது. திவால் நடைமுறையை நடத்தும் தீர்வு அதிகாரியிடம் ஃபார்ம் பி கொடுத்துக் கோரிக்கை வைக்க வேண்டும். டெலிவரி சலான், ஜிஎஸ்டி பில், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் கையில் இருக்கின்றன. ஆனால் சில பில்களில் தரக்குறைவு என்று அவர்கள் முன்பு மெயில் அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தொகையைத் தள்ளிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

கடன்கொடுத்தோர் குழுவில் ஓட்டு வங்கிகளுக்குத்தான், எங்களுக்குக் கிடையாது. நான் விசாரித்த வக்கீல்கள் பெரும்பாலும் வங்கிகளுக்கோ, நிறுவனத்தை வாங்க வருபவர்களுக்கோதான் ஆஜராகிறார்கள். சப்ளையர் பக்கம் நின்று பழக்கப்பட்டவர் யாராவது தெரியுமா? கோரிக்கை நிராகரிக்கப்பட்டு மேலே போனவர்கள் இருந்தால், எவ்வளவு நாள் ஆனது, ஃபீஸ் எப்படிப் பேசினீர்கள் என்றும் சொல்லுங்கள். ஒருவர் வசூலாவதில் பங்கு கேட்டார். வக்கீல்களுக்கு அது விதிப்படி கூடாது என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

இந்த நடைமுறை முடிய சட்டம் சொல்வது 330 நாள், நடப்பில் பல வழக்குகள் அதைத் தாண்டுகின்றன. 14 தையல்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் இந்த வாரத்துக்குள் சொன்னால் பெரிய உதவி.